ஆபீஸுக்கும் டிராக்குக்கும் ஒரே ஜோடி டயர்: பைக் டயர் தேர்ந்தெடுப்பது எப்படி?

வாரம் முழுக்க ஓஎம்ஆரில் ஆபீஸ் போய் வந்துவிட்டு, எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தனி வீல் செட், டயர் வார்மர், ஸ்லிக் டயர் என்று செலவு செய்ய முடிந்தவர்களுக்கு இது தேவைப்படாது. அதே பைக்கில் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஓட்டிக்கொண்டே போய், கண்ணாடியைக் கழற்றி, லைட்டில் டேப் ஒட்டி, டிராக்கில் சுற்றிவிட்டு, சாயங்காலம் அதே டயரில் வீடு திரும்புகிறவர்களுக்குத்தான் இது.

என்னிடம் இருப்பது கேடிஎம் ஆர்சி 390. முன்னால் 110/70 ஆர்17, பின்னால் 150/60 ஆர்17. டிவிஎஸ் ஆர்ஆர் 310, பிஎம்டபிள்யூ ஜி 310 ஆர்ஆர் இரண்டுக்கும் இதே அளவுதான். யமஹா ஆர்15 வி4 என்றால் முன்னால் 100/80-17, பின்னால் 140/70 ஆர்17. அளவு வேறு, பார்க்க வேண்டிய விஷயங்கள் அதேதான்.

படி 1: இப்போது இருக்கும் டயரைப் பாருங்கள்

கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்யுங்கள். பைக்கை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, போனைத் தரையோடு வைத்துப் பின் டயரை ஒரு போட்டோ எடுங்கள். வளைவு ஒரே சீராக உருண்டையாக இருக்கிறதா, நடுவில் ஒரு பட்டை மட்டும் தட்டையாகத் தேய்ந்து இரண்டு பக்கமும் விளிம்பு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நேர் ரோட்டிலேயே ஓடும் பைக்குகளில் இரண்டாவதுதான் நடக்கும். அப்படித் தட்டையான டயரில் வளைவுக்குள் சாய்க்கும்போது முதலில் பைக் முரண்டு பிடிக்கும், அந்த விளிம்பைத் தாண்டியதும் சட்டென்று உள்ளே விழும். ரோட்டில் இது பெரிதாகத் தெரியாது. டிராக்கில் ஒவ்வொரு கார்னரிலும் தெரியும், பயமும் தரும்.

அடுத்து, பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) இடுக்கில் இருக்கும் சின்ன மேடு. டயரின் ஓரத்தில் டிடபிள்யூஐ என்ற எழுத்தோ ஒரு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகக் காடிக்குள் பார்த்தால் அந்த மேடு தெரியும். ரப்பர் அந்த மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தாலும் முடிந்தது.

டயர் உருண்டையாக இருக்கிறது, பட்டன் நன்றாக இருக்கிறது, வெடிப்பு இல்லை என்றால் முதல் டிராக் டேக்குப் புது டயர் வாங்காதீர்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. முதல் நாளில் உங்களைத் தடுப்பது டயராக இருக்காது. எங்கே பிரேக் பிடிப்பது, எங்கே பார்ப்பது என்பதிலேயே நாள் போய்விடும். அந்தப் பணத்தை ஒரு நல்ல கையுறைக்கும் பூட்ஸுக்கும் போடுங்கள்.

படி 2: டயரில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

110/70 ஆர்17 என்ற வரிசையில் வரும் அகலம், உயரம், ரிம் அளவு எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்குப் பின்னால் வரும் எண்ணையும் எழுத்தையும்தான் பலர் பார்ப்பதில்லை. 66எச் என்று இருந்தால் 66 என்பது பாரம்: அந்த டயர் 300 கிலோ தாங்கும். 54 என்றால் 212 கிலோ. எழுத்து வேகம்: எச் என்றால் மணிக்கு 210 கிமீ, வி 240, டபிள்யூ 270. நம் 310, 390 பைக்குகள் எதுவும் 200-ஐத் தொடாது. அதனால் டபிள்யூ என்ற எழுத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க அவசியமில்லை. பார எண்ணில் மட்டும் கம்பெனி கொடுத்ததற்குக் கீழே போகாதீர்கள்.

17-க்கு முன்னால் ஆர் இருந்தால் ரேடியல், வெறும் கோடு இருந்தால் பயாஸ்; டயருக்குள் இழைகளை அடுக்கும் இரண்டு முறைகள் இவை. முன்னும் பின்னும் கம்பெனி என்ன கொடுத்ததோ அதையே பின்பற்றுங்கள்.

அப்புறம் தேதி. டாட் (DOT) என்ற எழுத்துகளில் தொடங்கும் வரிசையின் கடைசியில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 1824 என்றால் 2024-ஆம் ஆண்டின் 18-வது வாரம் தயாரானது. கடைக்காரரிடம் போனிலேயே, "அண்ணே, டேட் கோடு படிச்சுச் சொல்லுங்க, முடிஞ்சா வாட்ஸப்ல ஒரு போட்டோ போடுங்க" என்று கேளுங்கள். விவரமான கடைக்காரர் உடனே அனுப்பிவிடுவார். "எல்லாம் புது ஸ்டாக்தான் தம்பி" என்று மட்டும் பதில் வந்தால் நேரில் போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பெரிய பெயருள்ள பழைய டயரைவிடச் சாதாரணப் பெயருள்ள புது டயரே மேல்.

படி 3: எந்த ரகம்?

கடையில் மூன்று ரகம் கிடைக்கும். ஒன்று, மைலேஜுக்கும் ஆயுளுக்கும் செய்த கம்யூட்டர் டயர். இன்னொரு கடைசியில், சூப்பர்பைக்குகளுக்கான ஒட்டும் ரக டயர். இரண்டுக்கும் நடுவில் ஸ்போர்ட் ரோட் ரேடியல். நமக்கு வேண்டியது இந்த நடு ரகம்தான்.

ஒட்டும் ரகம் ஏன் வேண்டாம்? அந்த ரப்பர் சூடானால்தான் வேலை செய்யும். துரைப்பாக்கத்திலிருந்து சிறுசேரி வரை சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகிற ஓட்டத்தில் அந்தச் சூடு வரவே வராது. நடுப்பகுதி மட்டும் வேகமாகக் கரைந்து, நான் முதல் படியில் சொன்ன தட்டை வடிவம் சீக்கிரம் வந்துவிடும். கூடவே அவற்றில் காடிகள் குறைவு. ஐப்பசி கார்த்திகை மழையில் வேளச்சேரியில் தண்ணீர் நிற்கும் ரோட்டில் அந்த டயரோடு போக எனக்கு விருப்பமில்லை.

நடு ரகத்தில் என் விருப்பத்தைச் சொல்கிறேன். பட்ஜெட் முக்கியம் என்றால் அப்போலோ ஆல்ஃபா எச்1. இறக்குமதி டயர்களோடு ஒப்பிட்டால் விலை வெகுவாகக் குறைவு, சாய்ப்பதும் இலகு. மதுரை டிவிஎஸ் யூரோகிரிப் தரும் புரோடார்க் எக்ஸ்ட்ரீம், எம்ஆர்எஃப் ஸ்டீல் பிரேஸ், சியட் ஸ்போர்ட்ராட் ஆகியவையும் இதே பட்டியலில் பார்க்க வேண்டியவை. கொஞ்சம் கூடுதலாகப் போட முடிந்தால் மிஷெலின் ரோட் 5. நடுவில் கெட்டியான ரப்பர், ஓரங்களில் மென்மையான ரப்பர் என்று இரண்டு காம்பவுண்டு வைத்திருப்பதால் ஆபீஸ் ஓட்டத்துக்கும் கார்னருக்கும் ஒருசேர ஈடுகொடுக்கும். மழையில் அதன் பிடிப்பு தனி நம்பிக்கை தரும். மெட்செலர் எம்5, பிரெல்லி ரோஸோ 3 இரண்டும் டிராக் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்தவை. டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்கள் அவற்றை எடுக்கலாம்.

வெளிநாட்டு டயர் ஏன் திடீரென்று கிடைக்காமல் போகிறது என்று கேட்பவர்களுக்கு: 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. பைக் டயரும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு உரிமம் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதனால் ஒரு பிராண்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். முன்னும் பின்னும் ஒரே மாடலாக, புது ஸ்டாக்காக எது கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

படி 4: மாட்டுவதும் பழக்குவதும்

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். டயரின் அம்புக்குறி சக்கரம் சுற்றும் திசையில் இருக்க வேண்டும். வால்வையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள், சில்லறைக் காசுதான். பேலன்சிங் கட்டாயம். ரிம்மைச் சுற்றிவிட்டுப் பள்ளத்தில் விழுந்த நெளிவு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்கு வழுக்கும். மெல்ல மெல்லச் சாய்த்து இரண்டு பக்கத்தையும் பழக்குங்கள். சனிக்கிழமை டயர் மாற்றிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை நேரே டிராக்கில் இறங்க வேண்டாம்.

படி 5: காற்று

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. எனக்குப் புரிய வெகுநாள் பிடித்ததும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வாங்குங்கள். ஒரே டயருக்கு ஒரு பங்க்கில் ஒரு அளவும் அடுத்த பங்க்கில் இன்னொரு அளவும் காட்டும். எது சரி என்ற ஆராய்ச்சி வேண்டாம். ஒரே கேஜில் எப்போதும் அளந்தால் ஏற்ற இறக்கம் சரியாகத் தெரியும், அது போதும். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கும் பொத்தான் உள்ள டயல் கேஜ்தான் என் சிபாரிசு. கூடவே ஒரு கால் பம்ப்.

டிராக் என்றாலே காற்றை இறக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு, ஏன் என்று யாரும் சொல்வதில்லை. விஷயம் இதுதான். டயர் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்றும் சூடாகி அழுத்தம் ஏறும். காலை 32 டிகிரியில் 29 பிஎஸ்ஐ வைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிராக்கில் உள்காற்று 60 டிகிரிக்குப் போனால் அது 33 ஆகியிருக்கும். ரோட்டைவிட டிராக்கில் சூடு அதிகம் என்பதால், சூடான பிறகு டயர் விறைத்துவிடாமல் இருக்க, காலையில் சற்றுக் குறைவாகத் தொடங்குகிறோம். நைட்ரஜன் போட்டாலும் இந்த ஏற்றம் ஏறத்தாழ இதேதான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது. அதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டாம்.

செய்ய வேண்டியது: காலை டிராக்குக்குப் போய்ச் சேர்ந்ததும் பைக்கை நிழலில் நிறுத்தி டயர் ஆறும்வரை காத்திருங்கள். மேனுவலில் தனி ஆளுக்குச் சொன்ன அளவிலிருந்து முன்னும் பின்னும் 2 பிஎஸ்ஐ மட்டும் குறையுங்கள். எழுதி வையுங்கள். முதல் செஷன் (டிராக்கில் ஒரு தடவைக்கு ஓட்டத் தரும் நேரம்) முடித்து உள்ளே வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன் அளந்துவிடுங்கள். அதையும் எழுதுங்கள்.

இப்போது வித்தியாசத்தைப் பாருங்கள். 3 முதல் 5 வரை ஏறியிருந்தால் நன்றாக இருக்கிறது, தொட வேண்டாம். அதைவிட நிறைய ஏறியிருந்தால்? "ஏறிவிட்டதே, இன்னும் கொஞ்சம் இறக்குவோம்" என்றுதான் கை போகும். அங்கேதான் குழி இருக்கிறது. காற்று குறைவாக இருந்ததால்தான் டயர் அதிகம் நசுங்கி, நசுங்கிய உராய்வில் அதிகம் சூடாகி, அழுத்தம் அவ்வளவு ஏறியிருக்கிறது. மேலும் இறக்கினால் மேலும் நசுங்கும், மேலும் சூடாகும். அப்போது செய்ய வேண்டியது, டயர் ஆறிய பிறகு 1 பிஎஸ்ஐ கூட்டுவது. ஏற்றம் 1, 2 மட்டும் என்றால் டயர் உழைக்கவே இல்லை. ஆறிய பிறகு 1 குறைத்துப் பார்க்கலாம், அல்லது நீங்கள் இன்னும் மெதுவாகத்தான் ஓட்டுகிறீர்கள். முதல் நாளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் காரணம், அதில் தவறே இல்லை.

படி 6: செஷன் முடிந்ததும் டயரைப் பாருங்கள்

விரலால் தடவாதீர்கள், சுடும். கண்ணால் பாருங்கள். மெல்லிய உப்புத்தாள் போல ஒரே சீரான சொரசொரப்பு இருந்தால் எல்லாம் சரி. ரப்பர் துண்டு துண்டாகக் கிழிந்து நின்றாலோ, மேலே நீலம் பாய்ந்த பளபளப்பு தெரிந்தாலோ டயரின் எல்லையைத் தொட்டுவிட்டீர்கள். இது ரோட் டயர், பத்துச் சுற்றும் ஒரே வேகத்தில் தாங்காது. பின் சக்கரம் வழுக்கத் தொடங்கினால் அந்தச் சுற்றோடு வேகத்தைக் குறைத்து உள்ளே வந்துவிடுங்கள். சித்திரை வெயிலில் மதியச் செஷனை நான் விட்டுவிடுவேன்.

வலது ஓரம் முதலில் தேய்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை டிராக் கடிகாரச் சுற்றில் ஓடுவது. 3.7 கிமீ நீளத்தில் வலது வளைவுகளுக்கே வேலை அதிகம்.

படி 7: வீட்டுக்குக் கிளம்புமுன்

டயர் ஆறியதும் மேனுவல் அளவுக்குக் காற்றை ஏற்றுங்கள். மதியம் சூட்டில் அளந்து "29 இருக்கு, சரியாகத்தான் இருக்கு" என்று கிளம்பினால், ஆறிய பிறகு அது 25 தான். பெங்களூரு ஹைவேயில் பையைக் கட்டிக்கொண்டு அந்தக் காற்றில் போவது ஆபத்து, ஒரு பள்ளம் போதும் ரிம் நெளிய. கால் பம்ப் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"150-க்குப் பதில் 160 போட்டால் கிரிப் கூடுமா அண்ணா?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். 390-இன் பின் ரிம் 4 அங்குல அகலம்தான். 160 டயரை அதில் மாட்டினால் இரண்டு பக்கமும் நெருக்கப்பட்டு நடுப்பகுதி கூம்பும். அகலமாகத் தெரிந்தாலும் சாயும்போது தரையில் படும் பரப்பு நீங்கள் நினைப்பதுபோல் கூடாது. திருப்புவதும் கனமாகிவிடும்.

பங்க்சர் ஒட்டிய டயரோடு டிராக்குக்குப் போகலாமா? ஆபீஸுக்குப் போங்கள், டிராக்குக்கு வேண்டாம். டிராக்கில் ஏறும் சூடும் விசையும் வேறு, ஒட்டிய திரி வெளியே வந்தால் உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கும் ஆபத்து. டிராக் டே நெருங்கிவிட்டதென்றால் பின் டயரை மட்டும், ஏற்கெனவே முன்னால் இருக்கும் அதே மாடலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது: செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேக்கும் இதே கணக்குதானா? தொடங்கும் அளவு அதேதான். அது 2.1 கிமீ நீளமுள்ள சின்ன டிராக், நேர்ப்பாதையில் டயர் ஆற நேரம் குறைவு. அதனால் முதல் செஷனில் நாலைந்து சுற்றிலேயே உள்ளே வந்து ஒருமுறை அளந்துவிட்டு, அப்புறம் தொடருங்கள்.