ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் குளிர் உடை பழக்குவது எப்படி?

டொரன்டோ மாதிரி ஊரில் முதல் பனி விழுந்த காலையில், பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் புது ஜாக்கெட்டை மாட்டினால் அழுகைதான் மிஞ்சும். செப்டம்பரிலேயே தொடங்குங்கள்; தினம் ஐந்து நிமிடம் போதும்.

ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குத் தொடு உணர்வு மிகக் கூர்மை. கழுத்தில் குத்தும் லேபிளும் ஜாக்கெட் கையின் சரசரப்பும் அவர்களுக்கு நிஜமான வேதனை. பிடிவாதம் என்று நினைத்து அமுக்கிப் பிடித்து மாட்டினால், மறுநாள் ஜாக்கெட்டைக் கண்டாலே ஓடுவார்கள்.

1. எது உறுத்துகிறது?
எல்லாவற்றையும் சேர்த்துப் போடாமல் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் எலாஸ்டிக் இறுக்குகிறது. காதைப் பொத்தினால் குல்லாவோ சரசரப்போ காரணமாக இருக்கலாம்.

2. துணியைத் தயார் செய்யுங்கள்
லேபிளைத் தையல் பிரித்து எடுங்கள். கத்தரித்தால் மிஞ்சும் நுனி முன்னைவிட அதிகமாகக் குத்தும். வாசனை இல்லாத சோப்பில் மூன்று நான்கு முறை துவைத்தால் துணி மெத்தென்று ஆகும். உள்சட்டையைப் புரட்டிப் போட்டால் தையல் தோலில் படாது. பருத்தி நனைந்தால் குளிரும். மெல்லிய மெரினோ கம்பளி உள்சட்டையை ஏற்றால் நல்லது, ஏற்காவிட்டால் பருத்தியே இருக்கட்டும், மாற்றுச் சட்டை ஒன்று பையில் வையுங்கள். மஃப்ளர் சறுக்குமரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும். தலைவழியே மாட்டும் கழுத்துறை வாங்குங்கள். விரல் விரலாக நுழைக்கும் கையுறையைவிட, நான்கு விரலும் ஒன்றாக நுழையும் மிட்டன் எளிது.

3. பழக்குங்கள்
இரண்டு மூன்று நாள் ஜாக்கெட் சோபாவில் கிடக்கட்டும். தொட்டுப் பார்த்தாலே போதும். அடுத்து ஒரு கை மட்டும் நுழைத்துப் பத்து எண்ணுங்கள். பிறகு இரண்டு கை, அப்புறம் ஜிப்.

எண்ணி முடித்ததும், குழந்தை கலங்குமுன், நீங்களே கழற்றுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான். அழுத பிறகே கழற்றினால், அழுதால்தான் விடுவார்கள் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். 'போதும்' என்று சொல்லவோ அதற்கான படத்தைக் காட்டவோ பழக்குங்கள்; காட்டிய உடனே கழற்றுங்கள்.

உடம்பைக் கொஞ்சம் அமைதிப்படுத்த, உடுத்துமுன் சுவரைத் தள்ளச் சொல்லலாம். தோள், கைகளை உள்ளங்கையால் அழுத்திவிடலாம். லேசாகத் தடவாதீர்கள், கூச்சம் கூடும். அழுத்துவது பிடிக்காத குழந்தையும் உண்டு, அதை விட்டுவிடுங்கள்.

4. வாசலில் படவரிசை
உடுத்தும் வரிசையைப் படங்களாக வாசலில் ஒட்டுங்கள்: ஸ்னோ பேண்ட், பூட்ஸ், ஜாக்கெட், கழுத்துறை, குல்லா, மிட்டன். ஜாக்கெட்டை முதலில் போட்டால் குனிந்து பூட்ஸ் மாட்ட முடியாது. முதலில் நீங்கள் உடுத்திக்கொள்ளுங்கள். வீட்டுச் சூட்டில் குழந்தை வியர்த்துக் காத்திருந்தால் எல்லாம் பாழ்.

5. காரில்
உப்பிய ஜாக்கெட்டோடு கார் சீட் பெல்ட் போடக் கூடாது. விபத்தில் அது அமுங்கிப் பெல்ட் தளர்ந்துவிடும். பெல்ட்டை மாட்டிவிட்டு மேலே போர்வை போர்த்துங்கள்.

6. வெளியே
குளிரையே உணராத குழந்தைகளும் உண்டு. 'குளிருதா?' என்று கேட்டுப் பயனில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பிடரி, விரல், காதைத் தொட்டுப் பாருங்கள். தோல் வெளுத்து மரத்திருந்தால் உடனே உள்ளே அழைத்துவந்து அந்த இடத்தை வெதுவெதுப்பான நீரில் வையுங்கள், தேய்க்க வேண்டாம். உணர்வு திரும்பாவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

ஏப்ரலில் இதே குழந்தை ஜாக்கெட்டைக் கழற்ற மறுக்கலாம். அப்போது படவரிசையைத் தலைகீழாக ஒட்டி, மிட்டனிலிருந்து ஒவ்வொன்றாகக் குறையுங்கள்.