ஷின் ஸ்பிளின்ட்ஸ்: வலி நின்றதும் ஓடக் கிளம்பாதீர்கள்

ஓட ஆரம்பித்த சில வாரங்களில் பலருக்கும் முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்க ஓரத்தில் ஒரு வலி எட்டிப்பார்க்கும். முதலில் ஓட்டத்தின் தொடக்கத்தில் மட்டும் வலிக்கும், உடம்பு சூடானதும் காணாமல் போய்விடும். கொஞ்ச நாளில் ஓடி முடித்த பிறகும் நிற்காது. அதையும் கண்டுகொள்ளாமல் விட்டால் மாடிப்படி இறங்கும்போதே வலிக்கத் தொடங்கும். இதுதான் ஷின் ஸ்பிளின்ட்ஸ். புதிதாக ஓடுகிறவர்கள், ராணுவப் பயிற்சியில் சேர்ந்தவர்கள், நடனம் ஆடுகிறவர்கள், குதித்து விளையாடும் ஆட்டக்காரர்கள் என்று எல்லோரிடமும் பார்க்கலாம். கவனமாக இருந்தால் முழுக்கச் சரியாகிவிடும். அப்படியும் சிலருக்கு இது வருஷக்கணக்கில் போவதும் வருவதுமாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் குணப்படுத்திக்கொள்ளும் முறையில்தான் கோளாறு.

பெரிய தவறு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்: வலி போகும்வரை ஓய்வெடுப்பது, போனதும் பழைய தூரத்தையே மறுபடி ஓடுவது. ரெண்டு வாரம் சும்மா இருந்தால் வலி அடங்கிவிடும். நாமும் சரியாகிவிட்டது என்று நினைத்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கிவிடுகிறோம். நாலைந்து ஓட்டத்துக்குள் அதே இடத்தில் அதே வலி.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் என்று புரியும். ஒவ்வொரு முறை பாதம் தரையில் படும்போதும் கீழ்க்கால் எலும்பு மிக லேசாக வளைகிறது. இந்தச் சுமை வழக்கத்தைவிட அதிகமானால், எலும்பு தன்னையே சீரமைத்துக்கொள்ளத் தொடங்கும். களைத்துப்போன பகுதியைக் கரைக்க ஒரு வகைச் செல்கள், அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்ட இன்னொரு வகை. சிக்கல் என்னவென்றால், கரைப்பது சில வாரத்தில் முடிந்துவிடும், கட்டுவதற்கோ மாதங்கள் ஆகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்பு இருந்ததைவிடச் சற்று பலவீனமாகவே இருக்கும். இதோடு, எலும்பைச் சுற்றியுள்ள மெல்லிய உறையைக் கெண்டைக்கால் தசைகள் பிடித்து இழுப்பதும் வலியில் பங்கு வகிக்கிறது.

மூச்சும் இதயமும் இவ்வளவு காத்திருப்பதில்லை. சில வாரப் பயிற்சியிலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும், ‘இன்னும் கொஞ்சம் ஓடலாமே’ என்று தோன்றும். அந்தத் தெம்பை நம்பித்தான் தூரத்தை, வேகத்தை, வாரத்தில் ஓடும் நாட்களை எல்லாம் ஒரே சமயத்தில் கூட்டுகிறோம். எலும்பு அந்த வேகத்துக்கு வராது. எதைக் கூட்டுவதானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுங்கள்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் கெண்டைக்கால் தசை மெலியும், எலும்பும் சுமை பழக்கத்தை இழக்கும். வலியைத் தூண்டாத உடற்பயிற்சி எதையும் நிறுத்தத் தேவையில்லை. சைக்கிள், நீச்சல், ஆழமான நீரில் கால் தரையில் படாமல் ஓடுவது ஆகியவை நல்ல மாற்று. நடக்கும்போது வலி இல்லையென்றால் நடையும் சேர்த்தி.

வலிநிவாரணி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது வேண்டவே வேண்டாம். எவ்வளவு சுமை தாங்கும் என்று சொல்ல உங்களிடம் இருக்கும் ஒரே கருவி அந்த வலிதான். ஐஸ் ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம், துணி சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். ஆனால் அது வலியைத் தணிக்குமே தவிர எலும்பைக் கட்டாது. ஒத்தடம் கொடுத்தாயிற்று, நாளைக்கு ஓடலாம் என்று கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து ஆபத்தான தவறு ஒன்று இருக்கிறது. கீழ்க்காலில் வரும் எல்லா வலியையும் ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று நாமே முடிவு செய்துகொள்வது. உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள். கணுக்காலின் உள்பக்க மேட்டிலிருந்து மேல்நோக்கி, எலும்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்றால் வலி ஓரிடத்தில் நிற்காமல் 5 சென்டிமீட்டருக்கும் மேல் நீளமாகப் பரவியிருக்கும். மாறாக, விரல் நுனியால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தால், அது எலும்பில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கலாம். சும்மா இருக்கும்போதும் ராத்திரி படுத்த பிறகும் வலிப்பது, நடக்கவே முடியாமல் நொண்டுவது, எலும்பின் முன்பக்க விளிம்பிலேயே வலிப்பது, இதில் எது இருந்தாலும் ஓட்டத்தை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முன்விளிம்பில் விழும் விரிசல் எளிதில் ஆறாது, முழு முறிவாகவும் மாறக்கூடியது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் முடியாது. முதல் சில வாரங்களில் இந்த விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐயில்தான் தெரியும்.

இன்னொரு வகை வலியும் உண்டு. ஓடும்போது கீழ்க்கால் இறுகி, பாதம் மரத்துப்போய், நின்றதும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். அது தசைக்குள் அழுத்தம் ஏறுவதால் வருவது. சிகிச்சையே வேறு, எனவே இதற்கும் மருத்துவர்தான்.

சரி, ஷின் ஸ்பிளின்ட்ஸ்தான் என்று தெரிந்துவிட்டது. இப்போது பலர் செய்வது, வலிக்கும் எலும்பின் மேலேயே ரோலரை வைத்து உருட்டித் தேய்ப்பது. ஏற்கெனவே நொந்துபோன எலும்புறையை அது இன்னும் நோகடிக்கும். தேய்ப்பதானால் பின்பக்கச் சதையைத் தேய்த்துவிடுங்கள். காலை நீட்டி இழுக்கும் பயிற்சி இதமாக இருக்கும், செய்யலாம். ஆனால் அதோடு நின்றுவிடுவதுதான் தவறு. தேவைப்படுவது பலம்.

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் குதிகாலை உயர்த்தும் பயிற்சியைச் செய்யுங்கள். சுவரில் கை ஊன்றி, முழங்காலை லேசாக மடக்கியபடியே குதிகாலை மெதுவாகத் தூக்குங்கள், மேலே ஒரு நொடி நில்லுங்கள், தூக்கியதைவிட மெதுவாக இறக்குங்கள். முழங்காலை மடக்குவது முக்கியம். நேராக வைத்துத் தூக்கினால் மேலே புடைத்துத் தெரியும் பெரிய சதைக்குத்தான் வேலை அதிகம். மடக்கினால் அதற்கு அடியில் இருக்கும் தட்டையான தசைக்கு வேலை கூடும், ஓடும்போது எலும்பின் பாரத்தைப் பெருமளவு தாங்குவது அதுதான். முதலில் இரண்டு காலில், பழகியதும் ஒற்றைக் காலில், அப்புறம் முதுகில் கனமான பையோடு.

ஷூவை மாற்றினால் போதும் என்று நம்புவதும் ரொம்பப் பேர் செய்வது. தேய்ந்துபோன ஷூவை மாற்றத்தான் வேண்டும், 500 முதல் 800 கிலோமீட்டர் ஓடியதும் பெரும்பாலான ஷூக்களின் மெத்தை தளர்ந்துவிடும். என்றாலும் அளவுக்கு மீறிய சுமையை எந்த ஷூவும் சரிக்கட்டாது. அதைவிட, ஓடும்போது எட்டி எட்டிக் கால் வைப்பதைக் குறைப்பது பலன் தரும். நிமிடத்துக்கு 160 அடி வைக்கிறீர்கள் என்றால், வேகத்தைக் கூட்டாமல் 170 அடி வைத்துப் பாருங்கள். அடிகள் சிறிதாகும், ஒவ்வொரு அடியிலும் எலும்பில் ஏறும் சுமையும் குறையும்.

சாப்பாட்டை யாரும் இதோடு சேர்த்து யோசிப்பதில்லை. உடம்பைக் குறைக்க வேண்டும் என்று அரைவயிறு சாப்பிட்டுக்கொண்டு ஓடுகிறவர்களுக்கு எலும்பைத் திருப்பிக் கட்டத் தேவையான சரக்கே கிடைக்காது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நின்றுபோவதோ இதன் முக்கியமான எச்சரிக்கை. ஓடுவதால் அப்படித்தான் இருக்கும் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வைட்டமின் டி குறைவாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வதும் நல்லது.

எப்போது திரும்ப ஓடலாம்? எலும்போரத்தை அழுத்தினால் வலி இருக்கக் கூடாது, வேகமாக அரை மணி நேரம் நடந்தாலும் வலிக்கக் கூடாது. அதன் பிறகு ஒரு நிமிடம் மெதுவோட்டம், ஒரு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி இருபது நிமிடம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஓட்ட நிமிடங்களை வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வேகமும் மேட்டு ஓட்டமும் கடைசியில்தான். பத்துக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் லேசாக வலித்து, மறுநாள் காலையில் மிச்சமில்லாமல் போய்விட்டால் பயமில்லை, அதே அளவில் தொடரலாம். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே வலி தெரிந்தால் அன்று ஓட வேண்டாம். வலி அடங்கியதும் முந்தைய வாரத்து அளவுக்கே திரும்பி, அங்கே இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு மேலே போங்கள்.