முறுக்கு ஒன்றுதான், எடை மூன்று

வீட்டில் முறுக்கு சுட்டு இணையக் கடையில் விற்கிறீர்களா? 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று மூன்று தனிப் பொருளாகப் போடாதீர்கள். ஒரே பொருளாகப் போட்டு, எடையை உள்ளே தெரிவாக வையுங்கள். வாங்குபவர் தேடி அலைய மாட்டார். விமர்சனங்களும் ஒரே இடத்தில் சேரும்.

ஆனால் குறியீடும் இருப்புக் கணக்கும் எடைக்கு எடை தனியாக இருக்கட்டும்: முறு-250, முறு-500 என்று. போன தீபாவளிக்கு நான் மொத்தமாக ஒரே எண்ணிக்கை போட்டுவைத்தேன். அரைக் கிலோ டப்பா தீர்ந்த பிறகும் ஆர்டர் வந்துகொண்டே இருந்தது. நள்ளிரவில் மாவு பிசைந்த கதையை விடுங்கள்.

அப்புறம் விலை. சிங்கப்பூரில் ஜிஎஸ்டிக்குப் பதிந்தவர் என்றால், கடையில் காட்டும் விலையிலேயே அந்த 9 விழுக்காடு வரியும் சேர்ந்திருக்க வேண்டும். அங்கே அது விதி.