கேமராவைத் தூக்குவதற்கு முன்னால் வெளிச்சத்தைக் கணக்குப் போடுங்கள்

எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான், இப்போது கையில் இருப்பதில் மேனுவல் மோட் (வெளிச்சத்தின் அளவை நாமே அமைக்கும் வசதி) இருக்கிறதா? இருந்தால் போதும். நான் பிலிம் காலத்தில் தொழிலுக்கு வந்தவன். ஒரு ரோலுக்கு 36 படம், கழுவிப் பார்க்கிற வரைக்கும் எது தேறியது என்று தெரியாது, அதனால் ஷட்டரை அழுத்துவதற்கு முன்பே மனசுக்குள் கணக்கு முடிந்திருக்கும். அந்தப் பழக்கம் டிஜிட்டலிலும் வரும், நாமாக வரவழைத்துக்கொண்டால்.

வெயிலில் இருந்து ஆரம்பியுங்கள். மேகமில்லாத பகலில் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் திறப்பு, எஃப் 16 (எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்), ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓ எண்ணில் ஒரு பங்கு வினாடிக்குப் பக்கத்தில்; ஐஎஸ்ஓ என்பது பிலிமோ சென்சாரோ வெளிச்சத்துக்கு எவ்வளவு உணர்வுள்ளது என்பதன் அளவு. ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 அல்லது 1/125 வினாடி. லேசாக மூட்டம் போட்டால் எஃப் 11, நிழலே விழாத மேகம் என்றால் எஃப் 8, நன்றாக இருட்டிக்கொண்டு வந்தால் 5.6, வெட்டவெளியை ஒட்டிய நிழலில் 4. ஒவ்வொரு படி இறங்கும்போதும் உள்ளே போகும் வெளிச்சம் இரண்டு மடங்காகும். வெளியே போகும்போதெல்லாம் முதலில் எண்ணைச் சொல்லுங்கள், அப்புறம் கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரைப் பாருங்கள். கொஞ்ச நாளில் இரண்டும் ஒத்துப்போக ஆரம்பிக்கும்.

ஒத்துப்போகாத இடங்கள்தான் சுவாரசியம். எதிரே இருப்பது எதுவானாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துக்கொண்டுதான் மீட்டர் கணக்குப் போடுகிறது. வெள்ளைச் சுவர் பிரேமை நிறைத்தால் படம் அழுக்காக வரும், கறுப்புத் துணி நிறைத்தால் வெளிறிப்போகும். ஆகவே வெள்ளைக்கு ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு அல்லது பாதி) கூட்ட வேண்டும், கறுப்புக்கு ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும். தலைகீழாகத் தோன்றும், பலர் இங்கேதான் குழம்புவார்கள், ஆனால் இது பிடிபட்டுவிட்டால் ஆட்டோ மோடில் எடுக்கும்போதுகூட அது எங்கே தவறப் போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

லென்ஸ் ஒன்று போதும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50 மிமீ லென்ஸோடுதான் சுற்றினார். ஜூம் கெட்டது என்று சொல்லவில்லை (கல்யாண வீட்டில் அது இல்லாமல் முடியாது), ஆனால் மூக்கு பெரிதாகத் தெரிவதும் பின்னணி சுருங்குவதும் நீங்கள் எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, லென்ஸைப் பொறுத்ததல்ல. ஒரே லென்ஸ் என்றால் கால் நகர்ந்தாக வேண்டும், அப்போது இது தானாகப் புரியும். முகத்துக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள்.

எடுத்த அன்றே படங்களைத் தேர்வு செய்யாதீர்கள். மழையில் நின்று கஷ்டப்பட்டு எடுத்த படம் அன்றைக்கு நன்றாகத்தான் தெரியும். சில வாரம் கழித்துத் திறந்து, நிராகரித்தவற்றின் அப்பர்ச்சர், ஷட்டர் விவரங்களையும் பாருங்கள். ஃபோகஸ் போனவற்றை உடனே அழிக்கலாம், மற்றதை அடுத்த வருடம் வரை வைத்திருங்கள், இரண்டு டிஸ்க்கில்.