மழைக்காட்டு நடைக்கு ட்ரெக்கிங் ஷூ வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

மலை ஏறும்போது ஷூவின் குறை அவ்வளவாகத் தெரியாது. இறங்கும்போதுதான் தெரியும். மூன்று மணி நேர இறக்கத்தில் ஒவ்வோர் எட்டுக்கும் பெருவிரல் ஷூவின் முன்பக்கத்தில் போய் இடித்தால் மறுநாள் நகம் கறுத்திருக்கும், சில வாரங்களில் கழன்றும் விழும். குதிகால் கொப்புளம் வருவதற்கும் விலை குறைந்த ஷூ காரணமில்லை. உள்ளே குதிகால் மேலும் கீழும் நழுவுவதுதான் காரணம். காலுக்குச் சரியாகப் பொருந்திய இரண்டாயிரம் ரூபாய் ஷூவில் நிம்மதியாக நடந்துவிடலாம். பொருந்தாத பத்தாயிரம் ரூபாய் ஷூவைப் பாதி வழியில் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளத்தான் தோன்றும்.

நீலகிரி, ஆனைமலை, பழனி மலை, மேகமலை, அகத்தியமலை என்று நம் பக்கத்து மலைகளில் நடப்பவர்களுக்கான விளக்கம் இது. ஈரச் சோலை, பாசி படிந்த பாறை, வழுக்கும் புல்சரிவு, அட்டை ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது. பனிமலைக்கான ஷூ முற்றிலும் வேறு ரகம்.

ஆன்லைனில் தேடும்போது ‘ஹண்டிங் பூட்ஸ்’ என்ற பெயரிலும் உயரமான, உறுதியான ஷூக்கள் வந்து நிற்கும். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. ஆனாலும் பார்க்க வலுவாக இருக்கிறதே என்று காட்டு நடைக்காக அதை வாங்குகிறவர்கள் உண்டு. வாங்கும் முன் விவரக்குறிப்பில் 200 கிராம், 400 கிராம், 800 கிராம் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். அது ஷூவின் எடை அல்ல, குளிர் தாங்குவதற்காக உள்ளே வைத்துத் தைத்த பஞ்சின் அளவு. உறைபனியில் மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காகச் செய்தது. நம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் அதைப் போட்டு நடந்தால் ஒரு மணி நேரத்தில் சாக்ஸைப் பிழிந்து எடுக்கலாம்.

1. முதலில் பாதை, பிறகு ஷூ

தமிழக வனத்துறை 2024இல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தபோது எளிது, நடுத்தரம், கடினம் என்று வகை பிரித்தது. உங்கள் பாதை எந்த வகை, எந்த மாதம், முதுகில் எத்தனை கிலோ என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். ஐந்து கிலோ பையோடு காலையில் போய் மாலையில் திரும்பும் நடைக்கு எடை குறைந்த, ஓரளவு வளையும் ஷூ போதும். பத்து கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டு இரண்டு மூன்று நாள் நடப்பதென்றால் சோல் கெட்டியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கூர்க்கற்கள் ஒவ்வொன்றும் பாதத்தில் குத்தும். சந்தேகமாக இருந்தால் எடை குறைந்ததையே எடுங்கள். காலில் கூடும் கால் கிலோ, முதுகில் கூடும் கால் கிலோவைவிடப் பல மடங்கு களைப்பைத் தரும்.

2. காலை அளப்பது

மாலையில் அளக்க வேண்டும். பகல் முழுக்க நின்று நடந்த பிறகு பாதம் கொஞ்சம் வீங்கி இருக்கும். மலையில் நடக்கும்போதும் அப்படித்தான் இருக்கப் போகிறது. நடைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரோரம் ஒரு தாளை வைத்து, குதிகால் சுவரைத் தொடும்படி அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளக்காதீர்கள், உடல் எடை இறங்கினால்தான் பாதம் முழுதாக விரியும். மிக நீளமான விரலின் நுனியில் கோடு போடுங்கள். சிலருக்கு இரண்டாவது விரல்தான் நீளம். பென்சிலை நேராகப் பிடிக்காவிட்டால் 3 மி.மீ. தப்பிவிடும் என்பதால் இன்னொருவரைக் கோடு போடச் சொல்வது நல்லது. இரண்டு காலையும் அளந்து, பெரியதையே கணக்கில் எடுங்கள்.

இடது 256 மி.மீ., வலது 259 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 259உடன் இறக்கத்துக்கான இடமாக 10 முதல் 12 மி.மீ. வரை கூட்டினால் ஷூவின் உள்நீளம் சுமார் 270 மி.மீ. இருக்க வேண்டும். இந்திய, பிரிட்டன் சைஸ்களில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடைவெளி ஏறக்குறைய 8.5 மி.மீ. ஐரோப்பிய எண்ணில் அது 6.7 மி.மீ. அதனால்தான் ‘எப்போதும் போடுவது 8’ என்ற கணக்கு ட்ரெக்கிங் ஷூவுக்குப் பெரும்பாலும் சரிப்படாது. அரை சைஸோ ஒரு சைஸோ கூட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

அகலத்தையும் மறக்க வேண்டாம். சிறு வயதிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்து வளர்ந்தவர்களுக்குப் பாதத்தின் முன்பகுதி விரிந்திருக்கும். வெளிநாட்டவர் பாத வடிவ அச்சில் செய்த ஷூ அங்கேதான் சுண்டுவிரலை நசுக்கும். ‘வைட்’ என்று போட்ட ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அகலம் போதவில்லை என்று நீளத்தைக் கூட்டி வாங்கினால் குதிகால் ஆடத் தொடங்கும்.

3. கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

இதற்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இந்தச் சோதனைகளை ஒழுங்காகச் செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஷூவுக்குள் பாதத்துக்குக் கீழே இருக்கும் மெத்தையான இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான இடம் தெரிய வேண்டும். பாதம் இன்சோலின் பக்கவாட்டில் வழிந்தால் அந்த ஷூ குறுகல். அத்தோடு அதை வைத்துவிடலாம்.

அடுத்து, லேஸ் கட்டாமல் காலை நுழைத்து, விரல்கள் முன்பக்கத்தைத் தொடும்வரை தள்ளுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஆட்காட்டி விரல் இறுக்கமாக நுழைந்தால் நீளம் சரி. இரண்டு விரல் நுழைந்தால் பெரிது.

இப்போது குதிகாலைப் பின்னால் தள்ளி லேஸை இறுக்கிக் கட்டி நடந்து பாருங்கள். குதிகால் 3, 4 மி.மீ. எழும்பினால் பரவாயில்லை. அதைவிட அதிகமாக எழும்பினால் வேறு மாடலைக் கேளுங்கள். ஒரே சைஸ் எண்ணாக இருந்தாலும் ஒவ்வொரு மாடலுக்கும் அச்சு வேறு.

கடைசியாக இறக்கச் சோதனை. கடையில் சாய்வுப் பலகை இல்லாவிட்டால் மாடிப்படியில் வேகமாக இறங்குங்கள், அல்லது ஷூவின் முன்நுனியைத் தரையில் நாலைந்து தடவை தட்டுங்கள். விரல் முன்சுவரில் இடித்தால் லேஸை இன்னும் இறுக்கித் திரும்பச் செய்து பாருங்கள். அப்போதும் இடித்தால் அந்த ஷூ உங்களுக்கு வேண்டாம். ‘போடப் போட லூஸ் ஆயிடும் சார்’ என்பார்கள். தோல் ஷூ என்றால் அகலத்தில் கொஞ்சம் இளகும், ஆனால் நீளத்தில் ஒருபோதும் இளகாது.

4. சோல்

ஷூவை இரு கையாலும் பிடித்து, துணி பிழிவதுபோல் முறுக்குங்கள். எளிதாக முறுகினால் கல் பாதையில் கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். பிறகு முனையையும் குதியையும் சேர்த்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளைய வேண்டும். பாதத்தின் நடுவில் வளைந்தால் உள்ளே தாங்குபலகை இல்லை என்று அர்த்தம்.

அடிப் பற்கள் 4, 5 மி.மீ. ஆழமும் நடுவில் தாராளமான இடைவெளியும் கொண்டிருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் செம்மண் அடைத்துக்கொண்டு சோல் மொழுமொழுவென்று ஆகிவிடும். குதிப்பகுதி படிபோல் வெட்டியிருந்தால் இறக்கத்தில் பிரேக் போல நிற்கும். ஈரப் பாறையில் நிலைமை வேறு, அங்கே பல் ஆழம் உதவாது, ரப்பரின் மென்மைதான் பிடிப்பைத் தரும். கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். லேசாகப் பதிந்து மீண்டால் நல்லது. பிளாஸ்டிக் போல வழவழவென்று நகம் சறுக்கினால் ஓடைக் கற்களில் ஆபத்து. மென்மையான ரப்பர் சீக்கிரம் தேயும்தான். காட்டுக்கு மட்டும் போடுங்கள், தினமும் தார்ச்சாலையில் போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் பாசி படிந்த பாறையில் எந்த சோலும் நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே சுற்றித்தான் போக வேண்டும்.

5. வாட்டர்ப்ரூஃப் வேண்டுமா?

கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்த ஷூ, வெளியிலிருந்து நீர் உள்ளே புகாமல் தடுத்து, வியர்வை ஆவியை வெளியே விடும். உள்ளே ஈரம் அதிகமாகவும் வெளியே காற்று வறண்டும் இருந்தால்தான் அந்த ஆவி வெளியேறும். தென்மேற்குப் பருவமழையில் சோலைக்காட்டுக் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது அது எங்கே போகும்? வியர்வையிலேயே கால் நனைந்துவிடும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் உள்ள ஓடையை ஒருமுறை கடந்தால் போதும், மேல்வாய் வழியாகப் புகுந்த நீரை அதே சவ்வு வெளியே விடாது. ஷூ இரண்டும் தண்ணீர் வாளிபோல் கனக்கும்.

ஆகவே எங்கள் பரிந்துரை: ஓடை அதிகமுள்ள மழைக்காலப் பாதைக்குச் சவ்வில்லாத, சீக்கிரம் உலரும் செயற்கைத்துணி ஷூ. டிசம்பர், ஜனவரியில் பனித்துளி நனைக்கும் புல்வெளி நடைக்குச் சவ்வு வைத்தது. முழுத்தோல் ஷூ முள்ளையும் கல்லையும் நன்றாகத் தாங்கும். ஆனால் உலர நாளாகும், வீட்டில் சும்மா வைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

உயரத்தைப் பொறுத்தவரை, கணுக்காலை மூடும் நடு உயர ஷூ நம் காடுகளுக்குப் பொருத்தம். சுளுக்கே வராது என்று நம்பி வாங்க வேண்டாம். மண், முள், அட்டை நுழைவதைக் குறைக்கும் என்பதுதான் அதன் பெரிய பயன். பாம்புக்கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலைச் சுற்றியும்தான் நேர்கிறது என்பது இன்னொரு காரணம். ஷூவின் நாக்கு இரு பக்கமும் மேல்துணியோடு சேர்த்துத் தைத்திருக்கிறதா என்று விரல் விட்டுப் பாருங்கள். தனியாகத் தொங்கினால் அட்டைக்கு அதுவே வாசல்.

6. தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள்

தள்ளுபடியில் வாங்குபவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பல ஷூக்களில் நடு சோல், அதாவது அடி ரப்பருக்கு மேலே உள்ள மெத்தை அடுக்கு, பி.யூ. என்ற பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைக்கும். போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தாலும் இது நடக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் இன்னும் வேகமாக. சில ஆண்டுகள் கழித்து, பார்க்கப் புத்தம்புதிதாக இருக்கும் ஷூவின் சோல் நடக்கும் வழியில் ரொட்டித்தூள்போல் உதிரும். பெட்டியில் அச்சிட்ட தயாரிப்பு மாதம், ஆண்டைப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதென்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நடு சோலுக்குப் பயன்படும் இன்னொரு வகையான ஈ.வி.ஏ. நுரைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது உதிராமல், அழுந்தி அழுந்தித் தட்டையாகும். எந்த வகையானாலும் ஒட்டிய பசை விட்டுப்போகலாம் என்பதால் பையில் இரண்டு மீட்டர் கயிறும் கொஞ்சம் டக்ட் டேப்பும் இருக்கட்டும்.

7. லேஸ் கட்டுவது

பாதம் வளையும் இடம்வரை சாதாரணமாகக் கட்டிவிட்டு, அங்கே முடிச்சுக்கான முதல் சுற்றை ஒன்றுக்குப் பதில் இரண்டாகச் சுற்றி இறுக்குங்கள். கீழே உள்ள இறுக்கம் அப்படியே நிற்கும். துளைகள் மட்டும் உள்ள ஷூவில் மேலே உள்ள கடைசி இரண்டு துளைகளை அதே பக்கமாக இணைத்து, வெளிப்பக்கம் சிறு காதுபோல் ஒரு வளையம் விடுங்கள். வலது லேஸை இடது காதுக்குள்ளும் இடதை வலது காதுக்குள்ளும் விட்டு இழுத்தால் குதிகால் பின்னால் போய் அமர்ந்துவிடும். ஏற்றத்தில் மேல்பகுதியைக் கொஞ்சம் தளர்த்தலாம். இறக்கம் தொடங்கும் இடத்தில் நின்று, குதிகாலைத் தரையில் தட்டி, மறுபடி இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு நிமிட வேலைதான். கால் நகங்களை அதுதான் காப்பாற்றும்.

8. பழக்குவதும் அட்டைக்குத் தயாராவதும்

புது ஷூவோடு நேராக மலைக்குப் போகாதீர்கள். முதல் மூன்று நாள் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், அடுத்த வாரம் மூன்று கி.மீ., பிறகு பையைச் சுமந்தபடி மாடிப்படி என்று போட்டுப் பழகுங்கள். ஷூ கடிக்கும் இடம் முதலில் சூடாகத் தெரியும். கொப்புளம் வரும்வரை காத்திருக்காமல் அப்போதே நின்று மருத்துவ டேப் ஒட்டுங்கள். சாக்ஸ் கம்பளியோ செயற்கை நூலோ இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்துவைத்துத் தோலை ஊறவைக்கும். ஊறிய தோல் சீக்கிரம் உரியும். நகத்தை இரண்டு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள்.

அட்டைக்கு, முழங்கால்வரை வரும் நெருக்கமான நெசவுள்ள அட்டை சாக்ஸைச் சாதாரண சாக்ஸுக்கு மேல் போட்டு, பேண்ட்டை அதற்குள் செருகி, பிறகு ஷூ போடுங்கள். கூடுதல் துணிக்கும் ஷூவில் இடம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. உப்பும் புகையிலையும் தடவலாம், ஆனால் மழையில் கரைந்துபோகும். உப்பு தோல் ஷூவையும் கெடுக்கும்.

9. திரும்பி வந்த பிறகு

காட்டை விட்டு வெளியே வரும் முன்பே சோல் பற்களில் ஒட்டிய மண்ணையும் விதையையும் குச்சியால் நோண்டி எடுத்துவிடுங்கள். பார்த்தீனியம் போன்ற களைகளின் விதை ஷூவில் ஒட்டிக்கொண்டு ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போய்விடும். வீட்டில் இன்சோலையும் லேஸையும் கழற்றி, வெறும் தண்ணீரில் பிரஷ்ஷால் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள். முதல் நாள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றுங்கள். கேம்ப்ஃபயர் ஓரத்திலோ உச்சி வெயிலிலோ காயவைத்தால் பசை இளகும், தோல் வெடிக்கும். நன்றாக உலர்ந்த பின் காற்றாடும் அலமாரியில் திறந்தபடி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே தங்கும் ஈரமே அடுத்த சீசனுக்குள் சோலைத் தின்றுவிடும்.