மகளிர் குழுப் பணத்தைச் சுழல விடுவது எப்படி?

பல ஊர்களில் மகளிர் குழு என்றால் வங்கிக் கடன் வாங்கித் தரும் ஏற்பாடு என்றே நினைக்கிறார்கள். உண்மையில் குடும்பத்தைக் கந்துவட்டியிலிருந்து முதலில் மீட்பது உள்கடன்தான், அதாவது உறுப்பினர்களின் சேமிப்பிலிருந்தே அவர்களுக்குக் கொடுக்கும் சிறு கடன். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் குழுக்கள் தொடங்கிய காலத்திலிருந்து இதில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

12 முதல் 20 பேர் சேரலாம். ஒரு வீட்டிலிருந்து ஒருவர் போதும். மாமியாரும் மருமகளும் சேர்ந்தால் வீட்டுச் சண்டை கூட்டத்துக்கு வந்துவிடும். சேமிப்புத் தொகையை, இருப்பவர்களிலேயே மிக ஏழையானவரால் வேலை இல்லாத வாரத்திலும் கட்ட முடிகிற அளவில் வையுங்கள். வாரம் 200 என்று ஆரம்பித்தால் மூன்றாவது மாதமே நாலு பேர் நின்றுவிடுவார்கள், அவர்கள்தான் குழு யாருக்குத் தேவையோ அவர்கள். வங்கியில் குழுவின் பெயரில் சேமிப்புக் கணக்குத் தொடங்கப் பொறுப்பாளர்களின் ஆவணங்கள் போதும், எல்லோருடைய ஆதாரையும் கேட்டு அலைக்கழித்தால் இதை எடுத்துச் சொல்லலாம்.

கூட்டம் வாராவாரம் ஒரே கிழமை, ஒரே நேரம். வருகை, சேமிப்பு, கடன் தவணை, வட்டி, புதுக் கடன், கடைசியில் இருப்பு என்ற வரிசை மாறக் கூடாது. பணத்தைப் பாய்க்கு நடுவில் வைத்து எல்லோர் கண் முன்னாலும் எண்ண வேண்டும். ஒரு நாள் கணக்கைப் பாருங்கள். போன வார இருப்பு 430. 15 பேர் ஆளுக்கு 50 கட்டியது 750. இருவர் கட்டிய மாதத் தவணை 600-ம் 500-ம், ஆக 1,100. அவர்களிடம் நிற்கும் 4,800-க்கும் 2,000-க்கும் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி 136. மொத்தம் 2,416. ஒருவருக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2,000 கொடுத்தாயிற்று. மீதி 416. இந்த 416-ஐ, கூட்டத்தை நடத்தும் ஊக்குநர் உரக்கப் படித்த பிறகுதான் கூட்டம் கலைய வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத அக்காவுக்கும் அடுத்த வாரம் வரை அந்த எண் நினைவில் நிற்கும். கணக்குப் புத்தகத்தை விட வலுவான தணிக்கை அது. பெட்டி ஒருவர் வீட்டில், சாவி இன்னொருவர் வீட்டில். கையிருப்பு பெருகினால் மறுநாளே வங்கியில் கட்டிவிட வேண்டும்.

வட்டியில்தான் நிறையக் குழுக்கள் தெரியாமலே தம் உறுப்பினரைச் சுரண்டுகின்றன. 6,000 கடனை மாதம் 600 வீதம் 10 தவணையில் கட்டுகிறார் என்று வையுங்கள். குறையும் அசலுக்கு 2 ரூபாய் வட்டி போட்டால் முதல் மாதம் 120, அடுத்து 108, கடைசி மாதம் 12, மொத்தம் 660. அசல் குறைவதைப் பார்க்காமல் மாதாமாதம் 120 என்று வாங்கினால் 1,200. இரண்டையும் '2 வட்டி' என்றே சொல்கிறார்கள்! எது என்பதை முதல் கூட்டத்திலேயே தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள்.

கடன் யாருக்கு முதலில்? மருந்துச் செலவு, பிறகு வெளிக்கடனை அடைப்பது, அதன் பிறகே தொழில். 'வருமானம் வரும் வேலைக்கு மட்டும்தான் கடன்' என்ற விதி கேட்க நன்றாக இருக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக உறுப்பினரைத் தண்டல்காரரிடம் போய் நிற்க வைப்பதும் அதே விதிதான். 5 வட்டிக்கு 10,000 வாங்கியவர் மாதம் 500 கட்டுகிறார். 20 மாதத்தில் 10,000 வட்டி போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும். குழு அந்தக் கடனை அடைத்துவிட்டு, குறையும் அசலுக்கு 2 ரூபாய் வட்டியில் 20 தவணையில் திரும்ப வாங்கினால் முதல் மாதம் 700, கடைசி மாதம் 510. வட்டி மொத்தமே 2,100. கடனும் தீர்ந்துவிடும். பணத்தை உறுப்பினர் கையில் கொடுக்காமல், இருவர் கூடப் போய்க் கட்டி, எழுதிக் கொடுத்த பத்திரத்தைத் திரும்ப வாங்கி வாருங்கள்.

ஆறு மாதம் ஒழுங்காக நடந்த குழு வங்கிக் கடனுக்குப் போகலாம். 20 லட்சம் வரை அடமானம் கேட்கவோ, குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கவோ கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

கடன் வந்ததும் நடக்கும் பெரிய தப்பு, சமமாகப் பிரிப்பது. ஒன்றரை லட்சத்தை 15 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 10,000. அதில் நல்ல கறவை மாடு வராது, டிவி வரும். பால் ஊற்ற மாடு வேண்டியவர் மூவர் என்றால் இம்முறை அவர்களுக்கு 50,000 வீதம் கொடுத்து, அடுத்த முறை யார் யார் என்பதை அன்றே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுதாவிட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். இன்னொரு தப்பு, ஒருவர் பெயரில் வாங்கி இன்னொருவர் பயன்படுத்துவது. அவர் கட்டாமல் போனால் பெயர் கொடுத்தவர்தான் மாட்டிக்கொள்வார்.

முதல் தவணை தவறிய வாரமே இருவர் வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டும். மூன்று மாதம் விட்டால் அது வராக்கடன். உண்மையான கஷ்டம் என்றால் தவணையைக் குறைத்து எழுதிக்கொள்ளலாம். தேர்தல் நெருங்கினால் 'எப்படியும் தள்ளுபடி வரும்' என்ற பேச்சு கிளம்பும். 2021 மார்ச் 31 நிலுவையில் இருந்த கூட்டுறவு வங்கிக் குழுக் கடன்கள் தள்ளுபடியானது உண்மைதான். ஆனால் உள்கடன் உங்கள் சொந்தப் பணம், அதை யாரும் தள்ளுபடி செய்ய மாட்டார்கள்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பொறுப்பாளர்களை மாற்றுங்கள். தீர்மான நகலை வங்கியில் கொடுத்துப் பழைய கையெழுத்தை நீக்கச் சொல்வதும் அன்றைய வேலைதான். மறந்தால், பணம் எடுக்கப் பழைய தலைவியைத் தேடி அவர் மகள் வீட்டு ஊருக்குப் பஸ் ஏற வேண்டியிருக்கும்.