மின்சார காரைப் பல வருடம் வைத்திருப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்சார கார் வாங்கி மூன்று நான்கு வருடம் ஆனதும் உரிமையாளர்களுக்கு வரும் கவலை பெரிய பேட்டரியைப் பற்றியது. இன்னும் எத்தனை நாள் தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்பதிலேயே மனசு நிற்கும். ஆனால் பழைய இவிக்களை, அதாவது மின்சார கார்களை, நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் அந்தப் பேட்டரி இல்லை. சின்ன 12 வோல்ட் பேட்டரி, பயன்படுத்தாமலே துருப்பிடித்த ப்ரேக், சாக்கெட்டுக்குள் தளர்ந்துபோன ஒரு ஸ்க்ரூ, ஏசி மெக்கானிக் தெரியாமல் ஊற்றிய எண்ணெய் ஆகியவைதான் காலை வாருகின்றன.

12 வோல்ட் பேட்டரியை மறப்பது

பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தும் கார் உயிரே இல்லாமல் கிடப்பது எப்படி? பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் (பெரிய மின் சுவிட்சுகள்) மூடுவதற்கே 12 வோல்ட் வேண்டும். கதவுப் பூட்டு, திரை, கம்ப்யூட்டர்கள் எல்லாமே அதில்தான் ஓடுகின்றன. அது படுத்தால் எல்லாம் படுத்துவிடும்.

லெட்-ஆசிட் வகை என்றால் மூன்றிலிருந்து ஐந்து வருடம்தான் அதன் ஆயுள். பெட்ரோல் காரில் ஸ்டார்ட்டர் இழுத்துச் சுற்றும் சத்தமே முன்கூட்டி எச்சரித்துவிடும். இவியில் அப்படி எதுவும் கிடையாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத நான்கைந்து எச்சரிக்கைகள் (ஏபிஎஸ், ஸ்டீயரிங், ஏர்பேக்) ஒரே நேரத்தில் வந்து, அடுத்த முறை ஆன் செய்யும்போது மறைந்துபோனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தப் பேட்டரியைத்தான்.

அளந்து பார்ப்பதிலும் ஒரு தவறு நடக்கிறது. கதவைத் திறந்ததும் கார் விழித்துக்கொள்ளும், பெரிய பேட்டரியிலிருந்து சின்ன பேட்டரிக்கு மின்சாரம் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் சார்ஜ் ஏற்றத் தொடங்கும், மல்டிமீட்டரில் 13.5 வோல்ட்டுக்கு மேல் காட்டும். அதைப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். சரியான முறை இது: பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு காரைப் பூட்டி, சாவியை எட்டாத தூரத்தில் வைத்து, சில மணி நேரம் விட்டு, எதையும் தொடாமல் நேராக டெர்மினலில் அளக்க வேண்டும். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் சுமார் பாதி. திரும்பத் திரும்ப 12-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுவதே மேல். சில கார்களில் 12 வோல்ட்டும் லித்தியம் வகையாக இருக்கும். அதற்கு இந்த அளவுகள் பொருந்தாது, அதன் இடத்தில் லெட்-ஆசிட்டை வைக்கவும் கூடாது.

இந்தப் பேட்டரி சீக்கிரம் போவதற்குப் பெரும்பாலும் நாமேதான் காரணம். நேரடியாக வயரில் இணைத்த டேஷ்கேம், நாள் முழுக்க ஓடும் பார்க்கிங் கேமரா, "எத்தனை சதவீதம் இருக்கிறது" என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை செயலியைத் திறந்து பார்க்கும் பழக்கம். ஒவ்வொரு முறையும் கார் தூக்கத்திலிருந்து எழுந்து 12 வோல்ட்டைக் குடிக்கிறது.

இன்னொன்று: பெட்ரோல் காருக்கு இவியிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தர இந்தச் சின்ன பேட்டரியும் கன்வெர்ட்டரும் வடிவமைக்கப்படவில்லை. உங்கள் 12 வோல்ட் செத்தால் வெளியிலிருந்து பூஸ்டர் வைத்து எழுப்பலாம். ஆனால் பேட்டரி முன்பக்க டிக்கிக்குள் இருந்து, அதன் பூட்டும் மின்சாரப் பூட்டாக இருந்தால்? அவசரத் திறப்பு எங்கே இருக்கிறது என்பதை இன்றே கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லா பேட்டரிக்கும் ஒரே 80 சதவீத விதி

"80-க்கு மேல் ஏற்றாதே" என்பது பாதி உண்மை. நிக்கல் அடிப்படையிலான என்எம்சி பேட்டரிக்கு அது சரி. முழு சார்ஜில் ஒவ்வொரு செல்லும் சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். அந்த அழுத்தத்தோடு வெயில் சூடும் சேர்ந்தால் செல்லுக்குள் வேண்டாத வேதிவினைகள் வேகம் பிடிக்கின்றன. கெடுதல் 100 சதவீதத்தைத் தொடுவதில் இல்லை, தொட்டுவிட்டு நாள் கணக்கில் அங்கேயே நிற்பதில் இருக்கிறது. நீண்ட பயணத்துக்கு முந்தைய இரவு 100 வரை ஏற்றி, காலையில் கிளம்பிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை.

எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரிக்கு நிலைமை வேறு. இதன் செல் வோல்டேஜ் சுமார் 20-லிருந்து 90 சதவீதம் வரை ஏறக்குறைய சமமாகவே ஓடும். வோல்டேஜைப் பார்த்து மீதி எவ்வளவு என்று சொல்ல முடியாததால், உள்ளே போன மின்னோட்டத்தையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்துத்தான் கம்ப்யூட்டர் கணக்கு வைக்கிறது. அந்தக் கணக்கில் சிறு பிழைகள் நாளுக்கு நாள் சேரும். முழு சார்ஜ் வரும்போதுதான் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும், கணக்கும் நேராகும், செல்களும் சமப்படும். மாதக்கணக்கில் 80-லேயே நிறுத்தி வந்த எல்எஃப்பி கார், திரையில் 10 சதவீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டே சாலையில் நின்றுவிடலாம். பல நிறுவனங்கள் வாரம் ஒரு முறை 100 வரை ஏற்றச் சொல்வது இதனால்தான். உங்கள் காரில் எந்த வகை என்று தெரியாமல் யார் சொன்ன விதியையும் பின்பற்றாதீர்கள்.

"வாரம் ஒரு முறை பூஜ்யம் வரை இறக்கி ஏற்ற வேண்டும்" என்பது பழைய நிக்கல்-காட்மியம் காலத்துப் பேச்சு. லித்தியத்துக்கு அது கெடுதல் மட்டுமே. தினமும் 20 சதவீதம் ஓடி, தினமும் அதை ஏற்றிக்கொள்வதுதான் இதற்குச் சௌகரியம். வெளியூர் போய் சில வாரம் காரை நிறுத்துவதென்றால் 40-லிருந்து 60 சதவீதத்தில் விடுங்கள்; 5 சதவீதத்தில் விட்டுப் போவது 100-இல் விடுவதைவிட மோசம், ஏனென்றால் 12 வோல்ட்டைத் தாங்கிப் பிடிக்கவும் அதே பேட்டரிதான் கொடுக்க வேண்டும்.

திரையில் தெரியும் கிலோமீட்டரை வைத்துப் பேட்டரியை எடைபோடுவது

முன்பு முழு சார்ஜில் 320 காட்டியது, இப்போது 270 காட்டுகிறது, பேட்டரி போய்விட்டது! இப்படிப் பதறுபவர்கள் ஏராளம். அந்த எண், கடைசியாக நீங்கள் எப்படி ஓட்டினீர்களோ அதை வைத்துச் செய்யும் ஊகம். குளிர், நெடுஞ்சாலை வேகம், ஏசி, புது டயர் எல்லாம் அதைக் குறைக்கும். புது டயரை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: தேய்ந்த டயரைவிட தடிமனான ரப்பர் உருளும்போது அதிகம் நெளிகிறது, ஆற்றலை விழுங்குகிறது. டயர் மாற்றிய வாரத்தில் பேட்டரி கெட்டதாகப் புகார் வருவது இதனால்தான்.

நம்பகமான வழி கணக்குப் போடுவது. மிதமான வெப்பநிலையில் 90-லிருந்து 20 சதவீதம் வரை, இடையில் சார்ஜ் போடாமல், முடிந்தால் ஒரே ஓட்டத்தில் ஓட்டுங்கள். ட்ரிப் மீட்டர் 25.2 கிலோவாட்-மணி செலவானதாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 70 சதவீதத்துக்கு 25.2 என்றால் 100-க்கு 36. புதிதில் பயன்படுத்தக்கூடிய அளவு 40 என்றால், பேட்டரி 90 சதவீத ஆரோக்கியத்தில் இருக்கிறது. வருடம் ஒரு முறை, அதே பருவத்தில், அதே மாதிரிச் சாலையில் செய்து எழுதி வைத்தால் போதும். முதல் ஓரிரு வருடங்களில் சரிவு வேகமாகத் தெரியும், பிறகு நிதானமாகும். முதல் வருட இழப்பைப் பத்தால் பெருக்கிப் பயப்பட வேண்டாம்.

காரின் கம்ப்யூட்டரிலிருந்து தகவல்களைப் படிக்கும் ஓபிடி கருவி வைத்துப் பார்ப்பவர்கள் செல்களுக்கு இடையே உள்ள வோல்டேஜ் வித்தியாசத்தைப் பார்ப்பது நல்லது. ஆனால் எல்எஃப்பி பேட்டரியில் முழு சார்ஜை நெருங்கும்போது வித்தியாசம் பெரிதாகத் தெரிவது இயல்பு; அங்கே வோல்டேஜ் கோடு செங்குத்து. கார் ஓய்வில் இருக்கும்போதும் ஒரே செல் மட்டும் மற்றவற்றைவிட எப்போதும் கீழே தொங்கினால்தான் விசாரிக்க வேண்டும். செல்கள் வரிசையாக இணைந்திருப்பதால் மிகப் பலவீனமான செல்லோடு மொத்தப் பேட்டரியும் நின்றுவிடும்.

வீட்டுச் சாக்கெட்டைச் சும்மா நம்புவது

கெட்டில் ஐந்து நிமிடம் ஓடும். கார் எட்டு மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். தினமும் சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, சாக்கெட்டின் பின்னால் வயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ மெல்லத் தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடும், சூடு இன்னும் ஏறும். முதல் வருடம் ஒழுங்காக ஓடிய அமைப்பு மூன்றாம் வருடம் கருகுவது இப்படித்தான்.

சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் பிளாஸ்டிக் பகுதியைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்த வேண்டும். பின்னில் பழுப்பேறிய நிறம், சாக்கெட் துளையைச் சுற்றி மஞ்சள் வளையம், பிளக் முன்பைவிடச் சுலபமாகக் கழன்று வருவது: மூன்றில் எது தெரிந்தாலும் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் கெட்டது நல்லதையும் கெடுத்துவிடும்.

அவசரம் இல்லாத நாளில் மின்னோட்டத்தைக் குறைத்து வைப்பது கைகண்ட மருந்து. சூடு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், 16 ஆம்பியரிலிருந்து 10-க்கு இறக்கினால் இணைப்பில் உண்டாகும் சூடு சுமார் 40 சதவீதமாகக் குறைந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

32 ஆம்பியர், அதாவது 7.4 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் மீட்டர் பலகையிலிருந்து தனி லைன், குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர். தூரம் கூடினால் 10. கசிவுப் பாதுகாப்பு ப்ரேக்கரில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சாதாரண ஏசி (மாறுமின்னோட்ட) வகை ப்ரேக்கர் டிசி (நேர்மின்னோட்ட) கசிவைக் கண்டுபிடிக்காது. போதாக்குறைக்கு டிசி கசிந்தால் ஏசி கசிவுக்கும் அது குருடாகிவிடும். சார்ஜருக்குள் 6 மில்லிஆம்பியர் டிசி உணர்வி இருந்தால் ஏ வகை போதும், இல்லையென்றால் பி வகை வேண்டும். வருடம் ஒரு முறை மெயினை அணைத்து எல்லா டெர்மினல்களையும் எலக்ட்ரீஷியனை வைத்து இறுக்கச் சொல்லுங்கள். எர்த்தையும் அப்போதே அளந்துவிடலாம்.

"இவிக்கு சர்வீஸே வேண்டாம்"

எஞ்சின் எண்ணெய் வேண்டாம், அவ்வளவுதான். மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுவதால் (இதுதான் ரீஜென்) ப்ரேக் பேட் அதிகம் தேயாது. ஆனால் தேயாத ப்ரேக் துருப்பிடிக்கும், குறிப்பாகப் பின்சக்கர டிஸ்க். காலிபரின் ஸ்லைடு பின்கள் இறுகிவிட்டால் ஒரு பக்கப் பேட் மட்டும் உரசிக்கொண்டே இருக்கும். வாரம் ஒரு முறை, பின்னால் வண்டி வராத சாலையில், ரீஜெனைக் குறைத்து வைத்து, 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஐந்தாறு முறை நன்றாக அழுத்திப் பிடித்தால் டிஸ்க் சுத்தமாகும். ப்ரேக் திரவம் பேட் தேய்வதைப் பொறுத்தது அல்ல. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். 100 சதவீத சார்ஜில் கிளம்பும்போது ரீஜென் பிடிக்காது என்பதும் நினைவிருக்கட்டும். மலை உச்சியில் முழு சார்ஜ் போட்டுவிட்டு இறங்குபவருக்கு அந்த முதல் வளைவில் கார் வழக்கம்போல மெதுவாகாது.

டயர் மாற்றும்போது அளவை மட்டும் பார்க்காமல் லோடு இண்டெக்ஸையும் பாருங்கள். 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 98 என்றால் 750. இவியின் எடைக்கு நிறுவனம் 98 போட்டிருந்தால் 94 மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கக் கூடாது. கடையில் தூக்கும்போது ஜாக் குறிப்பிட்ட இடங்களில்தான் உட்கார வேண்டும். நடுவில் வைத்தால் பேட்டரி உறை நசுங்கும், அந்த நசுங்கலைக் காட்டியே பிறகு வாரண்டி மறுக்கப்படலாம்.

ஏசிதான் பலருக்கும் தெரியாத கண்ணி. மின்சார கம்ப்ரசருக்குள் மோட்டாரின் சுருள்கள் குளிர்பதன வாயுவிலும் எண்ணெயிலும் நேரடியாக நனைந்திருக்கின்றன. அதனால் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகை எண்ணெய்தான் போட வேண்டும். சாதாரண கார்களுக்கான பிஏஜி எண்ணெய் சிறிதளவு கலந்தாலும் காப்புத்தடை குறைந்து, கார் இன்சுலேஷன் கோளாறு என்று சொல்லி 'ரெடி' நிலைக்கே வராமல் போகலாம். மெக்கானிக் தனியாக ஊற்ற வேண்டும் என்றுகூட இல்லை. முந்தைய காருக்குப் பயன்படுத்திய கேஸ் ஏற்றும் இயந்திரத்தின் குழாயில் ஒட்டியிருக்கும் எண்ணெயே போதும். கேஸ் ஏற்ற விடுவதற்கு முன் "இவிக்குத் தனி இயந்திரமா, என்ன எண்ணெய்?" என்று கேட்டுவிடுங்கள். பல கார்களில் பேட்டரியைக் குளிர்விப்பதும் இதே ஏசிதான். ஏசி பலவீனமானால் கோடையில் வேகச் சார்ஜும் மந்தமாகும்.

கூலன்ட்டும் அப்படியே. சில கார்களுக்கு மின்கடத்துத்திறன் குறைந்த கூலன்ட் குறிப்பிடப்பட்டிருக்கும். நிறம் ஒன்றாக இருக்கிறது என்று கையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது.

வேகச் சார்ஜ், வாரண்டி

டிசி சார்ஜரில் 80-க்கு மேல் உட்கார்ந்திருப்பது வீண்; வேகம் அங்கே விழுந்துவிடும். 10-க்கு அருகே வந்து 70 அல்லது 80-இல் கிளம்புவதே கணக்கு. கடுங்குளிரில் நின்ற காரை நேராக டிசி சார்ஜரில் போடுவதற்குப் பதில், அந்தச் சார்ஜரை நேவிகேஷனில் குறியுங்கள். வசதி உள்ள கார்கள் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும்.

பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் பேட்டரிக்கு வாரண்டி தருகின்றன. உங்களுடையதைப் படித்துப் பாருங்கள். ஏழாம் வருடத்தில் எழுத்துப்பூர்வமான பேட்டரி ஆரோக்கிய அறிக்கை ஒன்றை சர்வீஸ் மையத்திலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். சேசிஸ் எண்ணை நிறுவனத் தளத்தில் போட்டு, திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதுவரை தயாரான செவ்ரோலெட் போல்ட் கார்கள் அனைத்தும் 2021-இல் பேட்டரிக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. இரண்டாம் கையாக வாங்கியவர்களுக்கு அஞ்சல் முந்தைய உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கும்.